கஃப் கிளிப்: கோட்டுக்குள் சட்டைக் கையைப் பிடித்து வைக்கும் கருவி – ஒரு மதிப்பீடு

கோட்டு அணியும்போது உள்ளே இருக்கும் முழுக்கைச் சட்டையின் கஃப், கோட்டுக் கைக்குள் மேலேறிச் சுருண்டுவிடாமலும் உள்ளங்கைவரை இறங்கிவிடாமலும் ஒரே இடத்தில் நிற்கும்படி பிடித்து வைக்கும் சிறிய ஸ்பிரிங் கிளிப்பே கஃப் கிளிப் ஆகும். சட்டைக் கையின் நுனியில் மணிக்கட்டைச் சுற்றி வரும், பொத்தான் வைத்த பட்டியைத்தான் தையல்காரர்கள் கஃப் என்கிறார்கள். இந்தக் கிளிப் வெளியே தெரியாது. வெளியே தெரிய வேண்டியது கோட்டுக் கையைத் தாண்டி நிற்கும் கால் அல்லது அரை அங்குல வெள்ளைத் துணி மட்டுமே.

ஒரு கருவியை மதிப்பிட இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். கொடுத்த வேலையை அது சரியாகச் செய்கிறதா? அந்த வேலை நமக்குத் தேவைதானா? முதல் கேள்வியில் கஃப் கிளிப் பாதி மதிப்பெண்தான் பெறும். இரண்டாவது கேள்வியில், குறைந்தபட்சம் தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, அது தேறாது என்பது இக்கட்டுரையின் கருத்து. அதற்கான காரணங்களைக் கீழே வரிசையாகப் பார்க்கலாம்.

அமைப்பும் இயங்கும் முறையும்

கஃப் கிளிப்பில் பொதுவாக இரண்டு பிடிகள் இருக்கும். ஒரு பிடி சட்டையின் கஃபைக் கவ்வும். மற்றொன்று கோட்டுக் கையின் உட்புற லைனிங்கையோ, சட்டைக் கையின் மேல்பகுதியையோ கவ்வும். இரண்டையும் ஒரு குட்டைப் பட்டையோ உலோக இணைப்போ சேர்த்திருக்கும். இதே வேலைக்கு முழங்கைக்கு மேலே அணியும் எலாஸ்டிக் வளையமும் உண்டு. அது சட்டைக் கையை மேலே தூக்கி நிறுத்தும், துணியைக் கவ்வாது.

கிளிப்பின் இயக்கம் வீட்டில் துணி காயப்போடும் கிளிப்பின் இயக்கம்தான். நடுவில் ஒரு சுழல் அச்சு. ஒருபுறம் துணியைக் கவ்வும் தாடை, மறுபுறம் விரலால் அழுத்தும் வால். வாலை அழுத்தினால் ஸ்பிரிங் முறுக்கேறித் தாடை திறக்கிறது. விரலை எடுத்தால் ஸ்பிரிங் பழைய நிலைக்குத் திரும்பும் முயற்சியில் தாடையை மூடுகிறது. இது முதல்வகை நெம்புகோல். ஸ்பிரிங் எவ்வளவு விலக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு எதிர்விசை தரும் என்ற விதியை இராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். மேல்நிலை வகுப்பு இயற்பியலில் ஹூக் விதி என்று நாம் படிப்பது அதுவே. மீள்திறன் எல்லைக்குள் இருக்கும்வரைதான் இந்த விதி செல்லும். எல்லை மீறி வளைத்த கம்பி திரும்பி வராது. பழைய கிளிப்புகள் ‘வாய் பிளந்து’ கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

எங்கிருந்து வந்தது

இந்தக் கருவியின் தேவையைப் புரிந்துகொள்ள, 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆண்கள் சட்டை அணிந்த முறையைப் பார்க்க வேண்டும். அன்று காலரும் கஃபும் சட்டையிலிருந்து தனியாகக் கழற்றக்கூடியவையாக இருந்தன. 1827-இல் நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் ஹன்னா லார்டு மாண்டேகு என்ற பெண், கணவரின் சட்டையில் அழுக்காவது காலர் மட்டும்தான் என்று கண்டு அதைத் தனியே வெட்டித் துவைத்தார் என்பது அந்த நகரின் புகழ்பெற்ற வரலாறு. அந்தத் தொழில் அங்கே பெருகி, டிராய்க்குக் காலர் நகரம் என்ற பெயரே நிலைத்தது.

தனிக் காலர், தனிக் கஃப் என்பதன் பின்னால் ஒரு கணக்கு உண்டு. கோட்டுக்குள் மறைந்திருக்கும் சட்டையின் உடல்பகுதியை யாரும் பார்ப்பதில்லை. கண்ணில் படும் கழுத்தும் மணிக்கட்டும் வெள்ளையாகவும் கஞ்சி போட்டு விறைப்பாகவும் இருந்தால் போதும். அவற்றை மட்டும் மாற்றிக்கொண்டு ஒரு சட்டையைப் பல நாள் அணியலாம். வெளுப்புக் கூலியும் குறையும். கையால் உழைப்பவனின் கஃப் வெள்ளையாக இருக்க முடியாது. எனவே வெள்ளைக் கஃப் உட்கார்ந்து வேலை பார்ப்பவனின் அடையாளமானது. இப்படித் தனியாக நின்ற கஃபைச் சட்டைக் கையோடு பிணைக்க ஸ்பிரிங் பிடிகள் தேவைப்பட்டன. கஃப் சட்டையோடு சேர்த்துத் தைக்கப்பட்ட பிறகும், கையளவு பொருந்தாத ஆயத்தச் சட்டைகளுக்காக இக்கருவி தொடர்ந்தது.

அந்தக் காலம் இத்தகைய சிறு பிணைப்புக் கருவிகளின் காலமாகவும் இருந்தது. வால்டர் ஹன்ட் 1849-இல் ஸ்பிரிங் வைத்த ஊக்குக்குக் காப்புரிமை பெற்றார். எழுத்தாளர் மார்க் ட்வெய்ன், சாமுவேல் கிளமென்ஸ் என்ற தம் இயற்பெயரில், 1871-இல் உடைகளை இறுக்கவும் தளர்த்தவும் கழற்றவும் கூடிய ஒரு பட்டைக்குக் காப்புரிமை பெற்றார். இவற்றில் ஊக்கு மட்டும் நம் ஊருக்கு வந்து வீட்டுப்பொருளாகிவிட்டது. சேலை முந்தானையிலும், தாலிச் சரட்டிலும், குழந்தையின் சட்டையிலும் அது இருக்கிறது. கஃப் கிளிப் அப்படித் தங்கவில்லை. ஊக்கு நாம் ஏற்கனவே உடுத்திய உடைக்கு உதவியது. கஃப் கிளிப்போ ஓர் அயல் உடையின் ஒரு சிறு விதிக்கு மட்டும் உதவியது.

கருவியின் நிறைகள்

நிறைகளை முதலில் சொல்லிவிட வேண்டும். ஊக்கைப் போலத் துணியில் துளை போடாமல் இது பிடிக்கிறது. ஊசி நூல் தேவையில்லை. மாட்டவும் கழற்றவும் சில நொடிகள் போதும். ஒரே கிளிப்பைப் பல சட்டைகளுக்குப் பயன்படுத்தலாம். குட்டைக் கை உள்ளவர் தம் கையளவுக்குப் பொருந்தாத சட்டையை வெட்டாமலே அணியலாம். அசையாமல் நின்று நிழற்படம் எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு இது முழுமையாகப் பயன்படும்.

கருவியின் குறைகள்

கை அசையத் தொடங்கியதும் குறைகள் தெரியும். முழங்கையை மடக்கும்போது அதன் புறப்பக்கத்தில் துணி கடக்க வேண்டிய தூரம் கூடுகிறது. அதனால் சட்டைக் கையும் கோட்டுக் கையும் மேலே இழுபடுகின்றன. இரண்டும் ஒரே அளவில் இழுபடுவதில்லை. சட்டையின் தோள்வெட்டு வேறு, கோட்டின் தோள்வெட்டு வேறு. ஆகவே ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல இடம் வேண்டும். கோட்டுக் கைக்கு உள்ளே வழவழப்பான லைனிங் துணி வைத்துத் தைப்பதே இந்த வழுக்கலுக்காகத்தான். கஃபையும் லைனிங்கையும் சேர்த்துக் கவ்வும் கிளிப், தையல்காரர் எதற்காக லைனிங் வைத்தாரோ அதையே தடுக்கிறது. பலகையில் எழுத, கோப்பை எடுக்க, பேருந்தில் கம்பியைப் பிடிக்கக் கையை உயர்த்தினால் கிளிப் கழன்று விழும், அல்லது லைனிங்கின் தையல் விடும். இதை வடிவமைப்பின் அடிப்படைக் குறையாகவே கொள்ள வேண்டும். எலாஸ்டிக் வளையத்தில் இந்தக் குறை குறைவு. ஆனால் அது கையை இறுக்கித் தடம் பதிக்கும்.

அடுத்தது துணி. கிளிப்பின் பற்கள் கனமான கஞ்சித் துணிக்கும் தடித்த கம்பளிக்கும் ஏற்றவை. நம் வெயிலுக்கு ஏற்ற மெல்லிய பருத்திச் சட்டையில் அந்தப் பற்கள் பதிந்து நூலை இழுத்துவிடும். பல் இல்லாத வழவழப்பான தாடை என்றால் மெல்லிய துணி நழுவும்.

மூன்றாவது வியர்வை. வியர்வையில் உப்பு உண்டு. கார்பன் எஃகுக் கம்பியின்மேல் பூசிய நிக்கல் தேய்ந்தவுடன் கம்பி துருப்பிடிக்கும். வெள்ளைச் சட்டையில் ஒட்டிய துருக்கறை சோப்புக்குப் போகாது. நிக்கல் சிலரின் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். வியர்வை அதை மேலும் கூட்டும். துருப்பிடிக்காத எஃகில் செய்தால் கறை குறையும். ஆனால் அந்த எஃகு வகைகள் பலவற்றிலும் நிக்கல் கலந்தே இருக்கிறது. குளிர்நாட்டில் பல ஆண்டு உழைக்கும் கிளிப், ஏப்ரல் மே மாதங்களில் தாம்பரம் பக்கம் ஒரு பருவம் தாக்குப்பிடிப்பதே பெரிது.

கிளிப் இல்லாமல் தீர்த்த வழிகள்

தமிழ்நாட்டில் கோட்டு அணிந்தவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். பழைய பள்ளிகளின் குழுப் படங்களைப் பார்த்தால் தலைப்பாகை, கழுத்துவரை பொத்தான் போட்ட குளோஸ் கோட்டு, பஞ்சகச்சம் ஆகியவற்றோடு ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வக்கீல்களும் அப்படியே. குளோஸ் கோட்டில் சட்டையின் காலரும் கஃபும் வெளியே தெரிய வேண்டும் என்ற விதி கிடையாது. விதி இல்லாததால் கிளிப்பும் தேவைப்படவில்லை. வெளியிலிருந்து வந்த உடையை ஏற்றுக்கொண்டாலும், அதன் உபத்திரவமான பகுதியை விட்டுவிட்டார்கள் என்றே இதைக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது காரணம் தையல்காரர். கோட்டை ஆயத்தமாக வாங்காமல் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டார்கள். தோளிலிருந்து மணிக்கட்டுவரை நாடா வைத்து அளந்து தைத்த கைக்குக் கிளிப் எதற்கு? சட்டை சற்று நீளமாக இருந்தாலும் ஓர் எளிய வழி உண்டு. கஃபின் பொத்தானை அரை அங்குலம் உள்ளே நகர்த்தித் தைத்தால் கஃப் மணிக்கட்டு எலும்பில் தட்டி நின்றுவிடும். அதற்குமேல் உள்ளங்கைக்கு இறங்காது. கோட்டைப் போடும்போது சட்டைக் கை மேலேறாமல் இருக்க, கஃபை விரல்நுனிகளால் மடக்கிப் பிடித்துக்கொண்டு கையை நுழைத்தால் போதும். ஸ்வெட்டர் போடும் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்த உத்தி இது. ஒரு பொத்தானும் இரண்டு விரலும் செய்துவிடும் வேலைக்கு ஒரு தனிக் கருவி வேண்டியதில்லை.

உடையின் இந்த நுணுக்கங்களோடு போராடிய ஒரு வழக்கறிஞரின் வாழ்க்கையும் இங்கே நினைக்கத்தக்கது. தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்த மோகன்தாஸ் காந்தி, வெளுப்புச் செலவு அதிகமாவதால் துவைக்கும் முறையைப் புத்தகம் பார்த்துத் தாமே கற்றுக்கொண்டார். முதன்முதலாகத் தாமே கஞ்சி போட்ட காலரோடு நீதிமன்றம் சென்றபோது, அதிகப்படியான கஞ்சி காலரிலிருந்து உதிர்ந்துகொண்டே இருந்ததையும், உடன் வழக்கறிஞர்கள் சிரித்ததையும் ‘சத்திய சோதனை’யில் அவரே பதிவு செய்திருக்கிறார். பிற்காலத்தில், 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில், நாட்டின் ஏழைகள் உடுத்துவதைப் போல அரையாடைக்கு மாறினார். எல்லோரும் அந்த அளவுக்குச் செல்ல வேண்டியதில்லை. ஆனால் உடையின் விதிக்கு நம்மைத் திருத்திக்கொள்வதா, விதியையே கேள்வி கேட்பதா என்ற தேர்வு எப்போதும் நம்மிடம் இருக்கிறது என்பதற்கு அது சான்று.

நீதிமன்றக் கோட்டு

இன்று தமிழ்நாட்டில் கோட்டை அன்றாடம் அணிய வேண்டியவர்களில் வழக்கறிஞர்களே முதன்மையானவர்கள். 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி இந்திய பார் கவுன்சில் வகுத்த உடை விதிகளைப் படித்துப் பார்ப்பது பயனுள்ளது. ஆண்களுக்கு அவ்விதிகள் இரண்டு வகை மேலுடையை அனுமதிக்கின்றன. ஒன்று, பொத்தான் போட்டு மூடிய கறுப்புக் கோட்டு, அச்கன், சேர்வானி போன்றவை. மற்றொன்று, முன்புறம் திறந்த கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையும். கீழே முழுக்காற்சட்டையோடு வேட்டிக்கும் இடம் உண்டு. உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் தவிர்த்த மற்ற நீதிமன்றங்களில் கோடைக்காலத்தில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்றும் விதி சொல்கிறது.

ஆக, விதியைவிடப் பழக்கமே இறுக்கமாக இருக்கிறது. மூடிய கோட்டுக்கும் வேட்டிக்கும் அனுமதி இருந்தும், நடைமுறையில் நாம் அதிகம் பார்ப்பது திறந்த கோட்டையும் காற்சட்டையையும்தான். தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ நீதிமன்ற வராந்தாவில் நிற்கும் இளம் வழக்கறிஞருக்குத் தேவை காற்றோட்டமான மெல்லிய கறுப்புத் துணியும் அளவெடுத்துத் தைத்த கையும். அவருக்குக் கஃப் கிளிப்பைப் பரிந்துரைப்பது, செருப்பு கடிக்கிறது என்பவருக்கு அளவு மாற்றித் தராமல் மருந்துப் பட்டையை நீட்டுவதைப் போன்றது.

விதிகளை மாற்ற முடியும் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. கொரோனாக் காலத்தில், 2020 மே 13 அன்று, காணொளி விசாரணைகளில் கோட்டும் கவுனும் வேண்டாம், வெள்ளை உடையும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் போதும் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அதனால் நீதியின் மாண்பு குறைந்துவிடவில்லை. ஜப்பான் அரசு 2005-இல் கோடைக்காலத்தில் அலுவலகங்களில் டையும் கோட்டும் தவிர்க்கும் இயக்கத்தைத் தொடங்கி, குளிரூட்டியை 28 பாகையில் வைக்கச் சொன்னது. கோட்டு அணிவதில் கறாரான ஒரு நாடே அதைச் செய்தது.

நம் மாநிலத்திலும் 2014-இல் ஒரு நிகழ்வு உண்டு. அவ்வாண்டு ஜூலை 11 அன்று, சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கக் கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்குச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன், வேட்டி அணிந்திருந்ததால் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. அடுத்த மாதமே, பொழுதுபோக்குக் கிளப்புகளும் பொது இடங்களும் வேட்டி அணிந்தவரைத் தடுக்கக் கூடாது என்று சட்டமன்றம் சட்டம் இயற்றியது. மீறினால் உரிமம் ரத்து, ஓராண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று அச்சட்டம் கூறுகிறது. வேட்டி உடுத்துபவரைத் தடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லிவிட்டது. கோட்டு உடுத்த வேண்டிய நெருக்கடியை அது தொடவில்லை. அது சமூகப் பழக்கத்தின் வேலை.

வாடகைக் கோட்டும் ஆயத்த அளவும்

அந்த நெருக்கடி இன்று நீதிமன்றத்தைவிடத் திருமண மண்டபங்களில் அதிகம் தெரிகிறது. வரவேற்பு மாலையில் மாப்பிள்ளைக்குக் கோட்டு என்பது வழக்கமாகிவிட்டது. பலர் வாடகைக்கு எடுக்கிறார்கள். பள்ளி ஆண்டுவிழாவிலும் கல்லூரி நேர்முகத் தேர்விலும் இதே நிலை. ஆயத்தக் கோட்டு மார்பளவை வைத்து 36, 38, 40 என்று விற்கப்படுகிறது. கை நீளம் அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும். மார்பளவு ஒன்றாக இருக்கும் இருவருக்குக் கை நீளம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எனவே 19-ஆம் நூற்றாண்டின் பழைய சிக்கல் திரும்பி வந்திருக்கிறது. அதோடு கிளிப்பும் வரலாம்.

இதில் பாதிக்கப்படுவது மாணவர்கள்தான். நேர்முகத் தேர்வுக்குப் போகும் இளைஞன், தன் கை குட்டையோ நீளமோ என்று வெட்கப்படுகிறான். பிழை அவனுடைய கையில் இல்லை. பல லட்சம் பேருக்குச் சேர்த்து வெட்டிய சராசரி அளவில்தான் பிழை. துணியின் குறையை உடம்பின் குறையாக எண்ணவைப்பது இந்தக் கருவியோடு சேர்ந்து விற்கப்படும் எண்ணம். அந்த எண்ணமே இங்கு விமர்சனத்துக்கு உரியது. வாடகைக் கோட்டை வெட்ட முடியாது என்றால், கை நுனியை உள்ளே மடித்து ஓட்டுத் தையல் போட்டு, விழா முடிந்ததும் பிரித்துவிடலாம். தெருமுனைத் தையல்காரர் இதைச் சில நிமிடங்களில் செய்து தருவார்.

திருமுடிவாக்கத்திலிருந்து பார்க்கும்போது

குன்றத்தூருக்கும் பம்மலுக்கும் அருகிலுள்ள திருமுடிவாக்கம் இன்று சிட்கோ தொழிற்பேட்டையால் அறியப்படும் ஊர். கஃப் கிளிப்புக்கு வேண்டிய வேலைகள் மூன்று: தகட்டை அச்சில் வெட்டுவது, வளைப்பது, கம்பியைச் சுருட்டுவது. தகடும் கம்பியும் இந்த ஊர்ப் பட்டறைகளுக்குப் புதியவை அல்ல. சற்றுத் தள்ளியிருக்கும் அனகாபுத்தூரின் நெசவாளர்களோ, மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியான ‘மெட்ராஸ் கைக்குட்டை’ப் பருத்தித் துணியை நெய்து பெயர் பெற்றவர்கள். வெயில் நாட்டில் உடம்புக்கு எது இதமோ அதை நெய்யும் அறிவு ஒரு பக்கம். எந்த வடிவத்தையும் உலோகத்தில் கொண்டுவரும் திறமை மறுபக்கம். இரண்டும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன.

இங்கே தொழிற்கல்வி படிக்கும் மாணவர்கள் இந்தக் கிளிப்பை ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளலாம். வாலில் எவ்வளவு அழுத்தினால் தாடை திறக்கிறது, எத்தனை முறை திறந்து மூடினால் தளர்கிறது, உப்பு நீரில் எத்தனை நாளில் துரு வருகிறது என்று அளந்து எழுதலாம். அளந்து முடித்த பிறகு, கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: இதே தகட்டையும் கம்பியையும் வைத்து, இந்த ஊரில் யாருக்கு என்ன தேவை? கை நடுக்கம் உள்ள முதியவர் ஒரு கையால் பொத்தான் போட உதவும் கொக்கி, மழைக்காலத்தில் மொட்டை மாடியில் காற்றுக்குப் பறக்காத துணிக் கிளிப், சக்கர நாற்காலியில் இருப்பவரின் வேட்டியோ சேலையோ சக்கரத்தில் சிக்காமல் பிடிக்கும் பிடி என்று பட்டியல் நீளும். இயந்திரத் தத்துவம் அதுவேதான். தேவை மட்டும் நம்முடையது.

முடிவான மதிப்பீடு

கஃப் கிளிப் நாணயமாகச் செய்யப்பட்ட சிறு கருவி. நிற்கும் மனிதனுக்கு உதவும், வேலை செய்யும் மனிதனுக்கு உதவாது. குளிர்நாட்டின் கனத்த துணிக்குப் பொருந்தும், நம் பருத்திக்கும் வியர்வைக்கும் பொருந்தாது. பொருந்தாத கோட்டை அது பொருத்தமாக ஆக்குவதில்லை, பொருத்தமின்மையை மறைக்க மட்டும் செய்கிறது. தொழில்நுட்ப வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு. இயற்பியல் வகுப்பின் மேசையிலும் உண்டு. அணிய வேண்டிய கட்டாயம் வந்தவர்கள் முதலில் தையல்காரரிடம் போய்ப் பொத்தானை நகர்த்திப் பார்க்கட்டும். கோட்டு வேண்டும் என்று விதிப்பவர்கள், அது எந்த மாதத்தில் எந்த வெயிலில் வேண்டும் என்பதையும் சேர்த்து யோசிக்கட்டும்.